‘எனக்கு ஒண்ணும் இல்லை’: தம்பதிக்குள் கண்ணில் படாமல் தங்கிய ஒரு தொற்று – நிகழ்வு ஆய்வு

34 வயதுப் பெண். திருமணமாகி 9 ஆண்டுகள், 6 வயதில் ஒரு குழந்தை. ஓராண்டுக்கும் மேலாக விட்டு விட்டு வெள்ளைப்படுகிறது என்பதுதான் அவர் சொன்ன குறை. மாதவிடாய் முடிந்த கையோடு கொஞ்சம் அதிகமாகும், லேசாக அரிக்கும், இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அடிவயிற்று வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது எப்போதாவது எரிச்சல்.

இடைப்பட்ட காலத்தில் பூஞ்சைத் தொற்று என்று வைத்துக்கொண்டு கிளோட்ரிமசோல் களிம்பும் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் பலமுறை எடுத்திருக்கிறார். சிலமுறை மருத்துவர் எழுதிக் கொடுத்தது, சிலமுறை பழைய சீட்டைக் காட்டித் தானே வாங்கியது. எடுத்த ஒவ்வொரு முறையும் குணமாகியிருக்கிறது, அல்லது அப்படித் தோன்றியிருக்கிறது. தானாகவே ஏறி இறங்கும் ஒரு தொல்லைக்கு, அது இறங்கும் சமயத்தில் எந்த மருந்தைச் சாப்பிட்டாலும் பேர் அந்த மருந்துக்குத்தான் போகும்.

கணவருக்கு வயது 38. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. முதல் வருகையில் அவர் வரவும் இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வில் வருவது ஒரே ஒரு தம்பதி அல்ல. பால்வினை நோய்ப் பிரிவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் நிலைமைகளைச் சேர்த்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி எழுதியது. மருத்துவ விவரங்கள் மட்டும் நடைமுறையில் உள்ளபடியே இருக்கின்றன.

பரிசோதனையில் தெரிந்தது

வெளிப்புறத்தில் லேசான சிவப்பு. யோனியில் மெல்லிய மஞ்சள் கலந்த வெள்ளைக் கசிவு, கொஞ்சம் வாடை. கர்ப்பப்பை வாய் பார்வைக்கு இயல்பாக இருந்தது. பாடப்புத்தகங்கள் உடலுறவில் பரவும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றுக்கு நுரைத்த பச்சை நிறக் கசிவையும், ஸ்ட்ராபெரி பழம் மாதிரி சிவப்புப் புள்ளி விழுந்த கர்ப்பப்பை வாயையும் படம் போட்டுக் காட்டும். அந்தப் புள்ளிகள் வெறும் கண்ணுக்குத் தெரிவது நூற்றில் இரண்டு பெண்களிடம்தான். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் மீதிப்பேர் எல்லாரும் தப்பிவிடுவார்கள்.

அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். தாளில் 5.5 காட்டியது; எண் ஏறினால் அமிலம் குறைவு. இது முக்கியமான தகவல். கேண்டிடா பூஞ்சைத் தொற்றில் யோனியின் அமிலத்தன்மை பெரும்பாலும் கெடுவதில்லை, 4.5-க்குள்ளேயே நிற்கும். அதைத் தாண்டிவிட்டது என்றால் பூஞ்சை மருந்து எழுதுவதற்கு முன் வேறு இரண்டைப் பற்றி யோசிக்க வேண்டும்: பாக்டீரியச் சமநிலைக் கேடு, ட்ரைக்கோமோனாஸ். ஒரு சின்னத் தாள், சில நொடி வேலை. ஓராண்டுக் களிம்புச் செலவை அது மிச்சப்படுத்தியிருக்கும்.

அவர் கையோடு பழைய ஆய்வக அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ‘வெள்ளணுக்கள் மிகுதி, ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று அதில் இருந்தது. மாதிரியைக் காலையில் எடுத்தார்களாம், அறிக்கை மாலையில் வந்ததாம். நடுவே ஸ்லைடு எவ்வளவு நேரம் தட்டில் காத்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ட்ரைக்கோமோனாஸ் வஜினாலிஸ் ஒரு செல் உயிர், 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அளவு, கிட்டத்தட்ட ஒரு வெள்ளணு அளவுதான். முன்பக்கம் நான்கு சாட்டை இழைகள், பக்கவாட்டில் அலைபோல் நெளியும் ஒரு சவ்வு. உயிரோடு இருக்கும்போது வெட்டி வெட்டி நீந்தும், அதை வைத்துத்தான் கண் அதைப் பிடிக்கும். மாதிரி ஆறியதும் நீச்சல் நின்றுவிடும். நின்றுவிட்டால் சுற்றிலும் கிடக்கும் நூற்றுக்கணக்கான வெள்ளணுக்களில் அதுவும் ஒன்று. உடனே பார்த்தாலும்கூட இந்தச் சோதனை, கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனையோடு ஒப்பிட்டால், நூறு தொற்றில் 44 முதல் 68 வரைதான் கண்டுபிடிக்கும். பாரிஸில் ஆல்ஃபிரட் டோனே 1836-ல் இந்த உயிரியை முதன்முதலில் கண்டதும் இதே மாதிரி நுண்ணோக்கிக்கு அடியில், நீந்தும்போதுதான்.

எங்கள் பிரிவில் நுண்ணோக்கி பரிசோதனை அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சியை (ஸ்வாப்) உப்பு நீர்ச் சொட்டில் கலக்கி உடனே வைத்துப் பார்த்தோம். வெள்ளணுக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று துடித்துத் துடித்து ஓரமாக நகர்ந்து போனது. அப்புறம் இன்னொன்று. மூலக்கூறு பரிசோதனையும் ட்ரைக்கோமோனாஸை உறுதி செய்தது. கிளமிடியா, கொனோரியா என்ற வேறு இரண்டு பால்வினைத் தொற்றுகள் இல்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ் இரத்தப் பரிசோதனைகளிலும் ஒன்றும் இல்லை. கர்ப்பம் இல்லை.

முதல் சுற்று

மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 7 நாள். முன்பெல்லாம் ஒரே வேளையில் 2 கிராம் கொடுத்துவிடுவது வழக்கம். 2018-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், ஒரே வேளை மருந்து எடுத்த பெண்களில் 19 சதவீதம் பேருக்கு மறுபரிசோதனையில் தொற்று இருந்தது. 7 நாள் எடுத்தவர்களில் 11 சதவீதம். அதன் பிறகு பெண்களுக்கு 7 நாள் மருந்தே விதியாகிவிட்டது.

இது உடலுறவில் பரவும் தொற்று, கணவருக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும், இருவரும் முடிக்கும்வரை உறவு வேண்டாம் என்று விளக்கிச் சொன்னோம். கணவரிடம் கொடுக்க ஒரு கடிதமும் தந்தோம். சொல்வதில் ஏதாவது ஆபத்து உண்டா, வீட்டில் அடி உதை நடப்பதுண்டா என்று தனியாகக் கேட்டோம். “அதெல்லாம் இல்லை டாக்டர், ஆனா எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலை” என்றார்.

அவர் ஆரம்பிக்கவில்லை. கடிதம் கைப்பையிலேயே இருந்தது. “ஏதோ இன்ஃபெக்‌ஷனாம், ஒரு வாரம் மாத்திரை” என்று மட்டும் கணவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் கசிவு நின்றது, அரிப்பு போனது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக உடம்பு சரியாக இருந்ததால், முடிந்துவிட்ட விஷயத்தைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டார். இதற்கு அவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அந்தக் கடிதத்தை நீட்டுவது என்றால், நோயைப் பற்றிய தகவலோடு ஒரு குற்றச்சாட்டையும் சேர்த்து நீட்டுவதாகத்தான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும். அது தவறான கணிப்பும் அல்ல.

மூன்றாம் மாதம்

மறுபரிசோதனைக்கு வரச் சொன்னபடி மூன்றாம் மாதம் வந்தார். தொந்தரவு எதுவும் இல்லை என்றார். மாதிரி எடுத்தோம். ட்ரைக்கோமோனாஸ் இருந்தது.

இதை நான்கு விதமாகப் பார்க்கலாம். மருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி. செத்த கிருமியின் மிச்சம் பரிசோதனையில் தெரிகிறது. அல்லது மறுபடி தொற்றியிருக்கிறது. மாத்திரையை அவர் ஒழுங்காக முடித்திருந்தார். செத்த கிருமியின் மரபணு எச்சம் மூன்று வாரம்வரை தென்படலாம், மூன்று மாதம் தாங்காது. மருந்துக்கு அடங்காத வகை உண்டு, ஆனால் அபூர்வம். கணவர் மருந்தே எடுக்கவில்லை என்பது தெரிந்ததும் மற்ற மூன்றையும் ஓரமாக வைத்துவிடலாம். இருவரில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தொற்று மேசைப்பந்து மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கும்.

இம்முறை அவருக்கு அறிகுறியே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே பெண், அதே கிருமி. முதல் தடவை அரிப்பும் கசிவும், இந்தத் தடவை ஒன்றும் இல்லை. ட்ரைக்கோமோனாஸ் இருப்பவர்களில் 70 முதல் 85 சதவீதம் பேருக்கு அறிகுறி மிகக் குறைவு அல்லது அறவே இல்லை. மருந்து எடுக்காவிட்டால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட தங்கும். அவர் மறுபரிசோதனைக்கு வராமல் இருந்திருந்தால் தொற்று இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

அன்று மாலையே கணவரிடம் சொன்னார். கணவர் எங்களிடம் வரவில்லை. தனியாக வேறோர் ஆய்வகத்துக்குப் போய்ச் சிறுநீர் கொடுத்தார். மூலக்கூறு பரிசோதனைதான், நல்ல பரிசோதனைதான். முடிவு: தொற்று கண்டறியப்படவில்லை.

அந்த அறிக்கை செய்த வேலை

இரண்டு வாரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். உட்காருவதற்கு முன்பே கணவர் தாளை மேசையில் வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு டாக்டர். அப்போ இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“நீங்க கேட்கிறது எனக்குப் புரியலைன்னு நினைக்காதீங்க” என்றார் மனைவி, எங்களைப் பார்க்காமல்.

வீட்டில் இரண்டு வாரமாக நடந்தது என்ன என்பதை அந்த இரண்டு வாக்கியமே காட்டிவிட்டது. தொற்று மனைவிக்கு மட்டும் இருக்கிறது, ஒருமுறை குணமாகியும் மறுபடி வந்திருக்கிறது, கணவரோ சுத்தமாக இருக்கிறார். இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரே முடிவுதான் வரும். அந்த முடிவுக்குத்தான் அவர் வந்திருந்தார்.

மாதிரியை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். ஆய்வகத்தில் காத்திருந்தபோது கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாராம். அரை மணி நேரம் கழித்து டப்பா கொடுத்திருக்கிறார்கள். “முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள்” என்றார்களாம். அவரும் சொன்னபடி செய்திருக்கிறார்.

சிறுநீர்ப்பையில், சிறுநீரகத்தில் கிருமி உண்டா என்று பார்க்க அதுதான் சரியான முறை. வழியில் ஒட்டியிருப்பது கலக்கக் கூடாது என்பதற்காகவே முதல் பகுதியைக் கொட்டிவிடச் சொல்கிறார்கள். ஆனால் பால்வினைத் தொற்றில் நாம் தேடுவதே வழியில் ஒட்டியிருப்பதைத்தான். ட்ரைக்கோமோனாஸ், கிளமிடியா, கொனோரியா மூன்றும் ஆணின் சிறுநீர்க் குழாயின் உட்சுவரில் இருக்கும். முதலில் வரும் 20, 30 மில்லிலிட்டர்தான் அதை அலசிக்கொண்டு வரும். பின்னால் வருவது கிட்டத்தட்ட வெறும் சிறுநீர். அதனால் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதல் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். அவர் விஷயத்தில் கிருமி இருந்திருந்தால் பாதி கழிப்பறையிலும் மீதி டப்பாவுக்கு வெளியிலும் போயிருக்கும்.

இதை விளக்கிவிட்டு, மாதிரியை மறுபடி எடுப்பதற்கு முன்பே மருந்து எழுதிவிடலாம் என்றும் சொன்னோம். மனைவிக்குத் தொற்று உறுதியான பிறகு, கணவரின் முடிவு எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான். ட்ரைக்கோமோனாஸ் உள்ள பெண்களின் ஆண் துணைவர்களை வரவழைத்து நன்றாகத் தேடிய ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அவர்களில் 72 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. தொற்று இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் எந்த அறிகுறியும் இல்லை. மீதியிருந்த 28 சதவீதத்திலும் எல்லாரும் ஒருபோதும் தொற்றாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆண்களுக்கு மருந்தில்லாமலேயே சில சமயம் இது விலகிவிடும். அதாவது மனைவிக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு இல்லாமல் போய்விடலாம். அப்புறம் மனைவியிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அவர் பரிசோதனையும் வேண்டும் என்றார். நியாயம்தான். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து முதல் பகுதியைப் பிடித்துக் கொடுத்தார். முடிவு வந்தபோது ட்ரைக்கோமோனாஸ் இருந்தது.

ஏன் அவருக்குத் தெரியவில்லை

ஆணின் சிறுநீர்க் குழாய் இந்த உயிரிக்கு அவ்வளவு சுகமான இடம் அல்ல. நாளுக்குப் பலமுறை சிறுநீர் அலசிவிடுகிறது. புராஸ்டேட் சுரப்பி நீரில் துத்தநாகம் அதிகம், அது இந்த ஒட்டுண்ணிக்கு ஆகாது. எனவே எண்ணிக்கை பெருகுவதில்லை, அழற்சியும் பெரிதாக எழுவதில்லை. எப்போதாவது லேசான எரிச்சல் வந்தால் தண்ணீர் குறைவாகக் குடித்தோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் துணைக்குக் கடத்தச் சின்ன எண்ணிக்கை போதும்.

பெண்ணிடம் கதை வேறு. யோனியின் தட்டைச் செல்களில் ஒட்டிக்கொண்டு இது நன்றாகவே வளரும். அழற்சி வந்தாலும் அது காட்டும் அறிகுறி பூஞ்சைக்கும் பொது, பாக்டீரியச் சமநிலைக் கேட்டுக்கும் பொது, பல பெண்கள் ‘இது எப்பவும் வர்றதுதானே’ என்று ஒதுக்கும் சாதாரண வெள்ளைப்படுதலுக்கும் பொது. ஆணிடம் அறிகுறி இல்லை, பெண்ணிடம் இருக்கும் அறிகுறிக்கு வேறு பெயர் கிடைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு தம்பதிக்குள் இது ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டுப் போகலாம்.

தொல்லை இல்லையே, விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் இந்தத் தொற்று இருந்தால் குறைப்பிரசவம், குழந்தையின் எடைக் குறைவு ஆகியவற்றோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. இது அபூர்வமான நோயும் அல்ல. 2020-ல் உலக அளவில் புதிதாக 15.6 கோடி ட்ரைக்கோமோனாஸ் தொற்றுகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ் மூன்றில் எதனோடு தனியாக ஒப்பிட்டாலும் இதுதான் அதிகம். பேர் மட்டும் பலருக்குத் தெரியாது.

யாரிடமிருந்து வந்தது?

இருவருமே இதைக் கேட்டார்கள். முதலில் சேர்ந்து, பிறகு தனித்தனியாக.

பரிசோதனை சொல்வது ஒன்றே ஒன்று: இன்று, இந்த இடத்தில், இந்தக் கிருமி இருக்கிறது. எப்போது வந்தது என்று அதில் தேதி கிடையாது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதும் கிடையாது. இருவரிடமும் இருப்பது ஒரே வகைதானா என்று மரபணு அளவில் ஒப்பிட்டுப் பார்த்தாலும், ஒரே வகை என்று தெரியுமே தவிர எந்தத் திசையில் போனது என்று தெரியாது. அறிகுறி முதலில் யாருக்கு வந்ததோ அவர்தான் முதலில் வாங்கியவர் என்பதும் தப்பு. யாருக்கு உடம்பு முதலில் காட்டியது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இருவருக்குமே திருமணத்துக்கு முன் வேறோர் உறவு இருந்திருக்கிறது. இது ஒருவருக்கொருவர் தெரிந்த விஷயம். அந்தக் காலத்துத் தொற்று இவ்வளவு ஆண்டுகள் தங்கியதா? மறுக்க முடியாது. நடுவில் வேறு தொடர்பு ஏதாவது நடந்ததா? அதையும் இந்தப் பரிசோதனையால் மறுக்க முடியாது. இரண்டு பக்கமும் இப்படித்தான் சொல்ல வேண்டும். ‘பழைய தொற்றுதான், கவலைப்படாதீர்கள்’ என்று உறுதி கொடுப்பதும், ‘யாரோ ஒருவர் தப்பு செய்திருக்கிறார்’ என்று நினைக்க விடுவதும் இல்லாத சாட்சியை உண்டாக்குவதுதான். தனித்தனியாகப் பேசியபோது அவரவர் என்ன சொன்னார்கள் என்பது அவரவர் பதிவேட்டில் இருக்கிறது. அதை இன்னொருவரிடம் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. சமீபத்தில் வேறு யாரோடும் உறவு இருந்ததா என்று கேட்பதன் காரணம் மருந்து போய்ச் சேர வேண்டிய மூன்றாவது ஆள் உண்டா என்று அறிவதுதான், விசாரணை நடத்துவதல்ல.

மனைவி தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்: “பொதுக் கழிப்பறையில ஒட்டியிருக்கும்னு சொல்லிடலாமா டாக்டர்?” சண்டையை அமர்த்த இது வசதியான வழி, சில மருத்துவர்களே இதைச் சொல்லி அனுப்புவதும் உண்டு. ஈரத்துணியிலும் ஈரமான பரப்பிலும் இந்த ஒட்டுண்ணி சில மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் பெரியவர்களுக்கு இது வருவது நடைமுறையில் உடலுறவு வழியாகத்தான். எனக்கு அந்தப் பொய் பிடிக்காததற்கு ஒழுக்கம் காரணமல்ல. கழிப்பறையில் வந்தது என்று ஒப்புக்கொண்ட கணவர், தனக்கு எதற்கு மாத்திரை என்று கேட்பார். கேட்டால் பதில் இல்லை. மூன்று மாதத்தில் தொற்று திரும்ப வந்து நிற்கும், அப்போது சொல்ல வேறு பொய் வேண்டும்.

எனவே கணவரிடம் நேராகவே சொன்னோம். எப்போது, எப்படி வந்தது என்பதற்கு இங்கே பதில் கிடைக்காது. இருவருக்கும் இருக்கிறது, இருவருக்கும் ஒரே வாரத்தில் மருந்து. அவர் முகத்தில் நிம்மதி எதுவும் தெரியவில்லை. ஆனால் தன் அறிக்கையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

இரண்டாம் சுற்று

மனைவிக்கு மறுபடி 7 நாள் மெட்ரோனிடசோல். கணவருக்கு அதே மருந்து ஒரே வேளையில் 2 கிராம். ஆண்களுக்கு இன்னமும் இதுவே பரிந்துரை, சில நாடுகளில் அவர்களுக்கும் 7 நாள் கொடுக்கிறார்கள். வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு சுவை, கொஞ்சம் குமட்டல், இவை வரும் என்று முன்கூட்டியே சொன்னோம். சொல்லாவிட்டால் மனைவி மூன்றாம் நாளே நிறுத்திவிடக்கூடும்.

கணவர் வார இறுதி முடிந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு விசேஷம் இருக்கிறதாம், இந்த மாத்திரையோடு மது கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறார். பலகாலம் மருத்துவர்கள் எல்லாரும் அப்படித்தான் எச்சரித்தார்கள். அதற்கான ஆதாரம் பலவீனமானது என்று கண்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல் மதுவைத் தவிர்ப்பது அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. மருந்துப் பெட்டியில் பழைய எச்சரிக்கை இன்னும் இருக்கிறது. நல்லெண்ணத்தில் எழுதிய ஓர் எச்சரிக்கை சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணமாவதைப் பார்ப்பது இது முதல்முறை அல்ல. எங்கள் முன்னாலேயே மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னோம். போட்டுக்கொண்டார்.

மனைவியின் ஏழு நாள் முடிந்து, இருவருக்கும் தொந்தரவு ஏதும் இல்லை என்று தெரியும்வரை உறவு வேண்டாம் என்றோம். ஆணுறை போட்டால் பரவாயில்லையா என்று கேட்டார் கணவர். ஆணுறை நல்ல பாதுகாப்புதான், இந்த ஒரு வாரத்துக்கு அதையும் நம்ப வேண்டாம் என்பதே பதில்.

மற்றவை எப்படி மறைகின்றன

ட்ரைக்கோமோனாஸ் இல்லை என்றால் வேறொன்று, எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொன்றும் வேறு விதத்தில் மறைகிறது, அதனால் தேடும் முறையும் வேறு.

கிளமிடியா செல்லுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வது. மெதுவாக, அதிக ஆரவாரம் இல்லாமல் பெருகும். பெரும்பாலான பெண்களுக்கும் பாதியளவு ஆண்களுக்கும் எதுவும் தெரியாது. கருக்குழாயில் வடு விழுந்து, குழந்தைக்கு முயலும்போதுதான் சிலருக்கு விஷயம் வெளியே வருகிறது. பரிசோதனையையே ஏமாற்றிய கதையும் இதற்கு உண்டு. 2006-ல் ஸ்வீடனில் ஒரு புதிய வகை கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது புழங்கிய சில பரிசோதனைகள் எந்த மரபணுத் துண்டைத் தேடினவோ, சரியாக அந்தத் துண்டு அந்த வகையில் இல்லை. நோய் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கை காட்டியது. உண்மையில் பரிசோதனைக் கண்ணுக்குப் படாமல் பரவிக்கொண்டிருந்தது.

கொனோரியா ஆணின் சிறுநீர்க் குழாயில் வந்தால் சீழும் எரிச்சலுமாகக் கத்திச் சொல்லும். தொண்டையில் வந்தால் பெரும்பாலும் மூச்சு விடாது. சிறுநீரை மட்டும் சோதித்தால் தொண்டையில் இருப்பது தெரியவே தெரியாது. எந்த வழியில் உறவு என்று கூச்சப்படாமல் கேட்பதும், அதற்கேற்ற இடத்தில் மாதிரி எடுப்பதும் இதற்காகத்தான்.

சிபிலிஸின் முதல் புண்ணில் வலி கிடையாது. தொற்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில் வரும், மருந்தில்லாமலே சில வாரங்களில் ஆறிவிடும். கர்ப்பப்பை வாயிலோ ஆசனவாய்க்குள்ளோ வந்தால் பார்ப்பவர் யார்? பிறகு வரும் மறைநிலையில் ஆண்டுக்கணக்கில் இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

பிறப்புறுப்பு ஹெர்பீஸ் இன்னும் சங்கடமானது, ஏனென்றால் அது போவதில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், எச்.எஸ்.வி.-2 என்ற ஹெர்பீஸ் வைரஸுக்கு எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தும் வாழ்நாளில் கொப்புளமே வந்ததில்லை என்று சொன்னவர்கள் தினமும் தங்களுக்குத் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். ஏறத்தாழ பத்து நாளில் ஒரு நாள் அவர்கள் தோலிலிருந்து வைரஸ் வெளியேறிக்கொண்டிருந்தது. கொப்புளம் வந்து போகிறவர்களிடம் அது ஐந்து நாளில் ஒரு நாள். ‘எனக்கு வந்ததே இல்லை’ என்று ஒருவர் மனதாரச் சொல்லலாம், அது பொய்யாகவும் இருக்காது.

இதனால்தான் ஒன்று உறுதியானதும் மற்றவற்றையும் தேடுகிறோம். கணவருக்கும் கிளமிடியா, கொனோரியா, எச்.ஐ.வி., சிபிலிஸ் பார்த்தோம். எதுவும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் தெரியாத ஆரம்ப நாட்கள் என்று ஒரு காலம் இருப்பதால், இருவருக்கும் மூன்று மாதம் கழித்து அதை மறுபடி செய்வது என்று முடிவானது.

பின்தொடர்ந்ததில்

ஒரு மாதத்தில் மனைவி தொலைபேசியில் பேசினார். கசிவு இல்லை. மாதவிடாய்க்குப் பின் வழக்கமாக வரும் அரிப்பும் வரவில்லை. கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்றும், பழைய விஷயங்களை நடுநடுவே கேட்கிறார் என்றும் சொன்னார். இருவரும் சேர்ந்து ஆலோசகரைப் பார்க்கலாம் என்று எண்ணைக் கொடுத்தோம். போனார்களா என்று கேட்டபோது, ஒருமுறை போனோம் என்றார்.

மூன்றாம் மாதம் மனைவியின் ஸ்வாபில் ட்ரைக்கோமோனாஸ் இல்லை. ஆண்களுக்கு மறுபரிசோதனை கட்டாயமில்லை, கணவர்தான் கேட்டார். காலையில் எழுந்ததிலிருந்து கழிப்பறைக்குப் போகாமல் நேராக வந்திருந்தார், முதல் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும் என்பதை ஊழியருக்கு அவரே சொன்னாராம். அதிலும் தொற்று இல்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ் மறுபரிசோதனைகளிலும் இருவருக்கும் எதுவும் இல்லை. மனைவிக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை இதுவரை செய்யப்படவே இல்லை என்பது பதிவேட்டைப் புரட்டியபோது தெரிந்தது. அதற்கு அடுத்த மாதத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.